நிறுத்தினால் முகம் எரிகிறதா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மெடிக்கலில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நான்கு வருடமாக ராத்திரி தவறாமல் போடுகிறேன். இப்போது மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. ஒரு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. பருவும் தாடை ஓரத்தில் பூனைமுடியும் வந்திருக்கின்றன. என் வீட்டுக்காரர் தொடையிடுக்கில் படைக்கு வேறொரு கிரீம் ஒரு வருடமாகப் போடுகிறார். நாத்தனார் தன் பத்து மாதக் குழந்தைக்கு டயபர் கட்டிய இடம் சிவந்தபோது அதையே தடவுகிறார். சீட்டு கேட்காமல் கொடுக்கும் கிரீம்தானே, இதெல்லாம் கெடுதல் செய்யுமா? அப்படியென்றால் தினமும் போடும் மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீனையும் நிறுத்திவிட வேண்டுமா? இரண்டு டியூப்களின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
(சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் குழந்தை. இதை முழுவதும் படிப்பதற்கு முன்பே நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் டியூபில் நான்கு மருந்துகள் இருக்கின்றன. அதில் முதல் பெயர் குளோபீட்டசால். அது ஸ்டீராய்டு, அதாவது தோலின் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வீரியத்தின்படி ஏழு வகுப்பாகப் பிரிப்பார்கள். குளோபீட்டசால் முதல் வகுப்பு, அதாவது இருப்பதிலேயே காரமானது. பெரியவர்களுக்கே தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிற மருந்து. குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். பூசிய இடத்தின்மேல் டயபரை இறுக்கிக் கட்டினால் மருந்தை மூடிவைத்து உள்ளே தள்ளுவது போல ஆகிவிடும். இப்படி மாதக்கணக்கில் தடவிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். முகம் உருண்டு, கன்னம் தொங்கி, எடை கூடி இருக்கும். பாட்டி பெருமையாக, "இப்பதான் பிள்ளை நல்லா தேறியிருக்கு" என்பார். பிள்ளை தேறியிருக்காது, தோல் வழியாக ரத்தத்தில் கலந்த ஸ்டீராய்டின் உப்பல் அது.

இரண்டு மூன்று நாள் மட்டும் தடவியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தினால் போதும். வாரக்கணக்கில் ஓடியிருந்தால் சும்மா நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். வெளியிலிருந்தே ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் குழந்தை துவண்டு போகும். நாளைக்கே டியூபோடு குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். டயபர் சிவப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒத்தித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடித்த பூச்சாகப் போடுவதே பெரும்பாலும் போதும். மூன்று நாளில் குறையவில்லை என்றால் அங்கே காளான் தொற்று இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

சரி, இனி உங்கள் முகத்துக்கு வருவோம்.

"சீட்டு கேட்காமல் கொடுக்கும் கிரீம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பமெல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது. டியூபுக்குள் அடைத்து வருவது எல்லாமே நம்மூரில் கிரீம்தான். பித்தவெடிப்புக்குப் போடுவதும் கிரீம், பவுடருக்கு முன்னால் போடுவதும் கிரீம், நோய்க்குப் போடுவதும் கிரீம். தோலின்மேல் உட்கார்ந்து ஈரத்தைக் காப்பது ஒரு ஜாதி. தோலுக்குள் இறங்கி செல்களிடம் வேலை வாங்குவது இன்னொரு ஜாதி. முதலாவதை ஆயுள் முழுக்கப் போடலாம். இரண்டாவதற்கு எத்தனை நாள் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டும் கடையில் ஒரே அலமாரியில் நிற்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இந்தியாவின் மருந்துச் சட்டத்தில், "சீட்டில்லாமல் வாங்கலாம், பயமில்லை" என்று ஆராய்ந்து வகுத்த தனிப் பட்டியல் கிடையாது. சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியல்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் அதில் எப்போதோ சேர்ந்துவிட்டன. மேலே பூசுவதற்கு மட்டும் பல வருடம் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த பிறகு, 2018 மார்ச்சில்தான் 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை அரசு அந்தச் சீட்டுப் பட்டியலான எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆணை டெல்லியில் வந்துவிட்டது. தெருமுனைக் கடைக்கு அது எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆக, உங்கள் கிரீமைக் கடையில் சும்மா கொடுத்தார்கள் என்பது, கேட்டார்கள் கொடுத்தார்கள் என்பதோடு சரி. யாரும் அதைப் பாதுகாப்பானது என்று சான்று கொடுத்துவிடவில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 2011-ல் இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்கள் சேர்ந்து, முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், கிட்டத்தட்ட ஏழில் ஒருவர். அந்த 433 பேரில் 257 பேருக்கு அதைச் சொன்னது மருத்துவர் அல்லாதவர்கள்: பக்கத்து வீடு, கடை, பார்லர். மிச்சம் இருப்பவர்களுக்கு? எங்களைப் போன்றவர்கள்தான். "ரெண்டு வாரம் போடுங்க" என்று எழுதியிருப்போம், இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று சொல்லியிருக்க மாட்டோம். அந்தச் சீட்டு பீரோவில் பத்திரமாக இருந்து, ஆறு வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி வெளியே வரும். என் கையெழுத்தோடு அப்படி ஒரு சீட்டு என் மேஜைக்கே திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் முகக் கிரீமின் பின்பக்கத்தைப் பார்ப்போம். படத்தைப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. மொமெட்டசோன் 0.1 சதவீதம், ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டோடு மட்டும் என்பதற்கான கோடு அது.

இந்த மூவர் கூட்டணி புதிதல்ல. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975-ல் சொன்ன கலவையின் பேரப்பிள்ளை இது. ஹைட்ரோகுவினோன் கருமை நிறமி உண்டாவதைக் குறைக்கும். ட்ரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் புதுப்பிக்கும், ஆனால் எரிச்சல் தரும். அந்த எரிச்சலை அடக்கத்தான் ஸ்டீராய்டு. அதாவது ஸ்டீராய்டுக்கு இங்கே துணை வேடம்தான். 2002-ல் அமெரிக்காவில் இப்படி ஒரு மூன்று மருந்துக் கலவைக்கு அனுமதி கொடுத்தபோது மென்மையான ஸ்டீராய்டைச் சேர்த்து, எட்டு வாரம் வரைதான் என்று எழுதியே கொடுத்தார்கள். நம் கடைகளில் கிடைப்பதில் அதைவிட வீரியமான மொமெட்டசோன் இருக்கிறது. எட்டு வாரத்துக்கான பொருளை நீங்கள் இருநூறு வாரத்துக்கு மேல் போட்டிருக்கிறீர்கள்.

பத்தே நாளில் பளிச்சென்று ஆனதே, அது என்ன? ஸ்டீராய்டு பட்டதும் தோலின் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்த ஓட்டம் குறைந்தால் முகம் வெளுப்பாகத் தெரியும். எந்த ஸ்டீராய்டு எவ்வளவு வீரியம் என்று அளப்பதே, அது தோலை எவ்வளவு வெளுக்க வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான். 1962 முதல் அந்தச் சோதனை இருக்கிறது. ஆகவே முதல் பத்து நாளில் உங்களுக்குக் கிடைத்த வெளுப்பில் பெரும்பங்கு மங்கு போனதால் வந்தது கிடையாது, ரத்தக்குழாய் சுருங்கியதால் வந்தது. கண்ணாடி முன்னால் நின்ற உங்களுக்கு இது எப்படித் தெரியும்? எல்லாருமே இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாதக்கணக்கில் சுருங்கியே கிடந்த குழாய்கள், மருந்து வராத அன்று ஒரேயடியாக விரியும். முகம் சிவக்கும், எரியும், வெயிலும் அடுப்புச் சூடும் தாங்காது, சின்னச் சின்னக் கொப்புளமாகப் பரு கிளம்பும். பயந்துபோய் மறுபடி பூசுவீர்கள், அரை மணியில் அடங்கும். "இந்தக் கிரீம் இல்லாமல் என் முகம் இருக்காது" என்று மனதில் பதிந்துவிடும். உண்மையில் எரிச்சலை உண்டாக்குவதும் அதே டியூப், அணைப்பதும் அதே டியூப். காபி குடிக்காவிட்டால் தலைவலிக்கிறது என்று காபியையே மருந்தாகக் குடிப்பது போலத்தான். இதற்கு நம் மருத்துவர்கள் வைத்திருக்கிற பெயரே 'ஸ்டீராய்டால் பழுதான முகம்'. பூனைமுடியும் தாடைப் பருவும் அதோடு சேர்ந்து வருபவை. மூக்கோரத்தில், கன்னத்தில் சிவப்பு நூல் போல மெல்லிய நரம்புகள் தெரிகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண் இமை வரை பூசியிருந்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை கண்ணழுத்தம் பார்த்துக்கொள்வதும் நல்லது.

மங்கு கூடுதல் கறுப்பாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். தோல் மெலிந்துபோன முகத்தில் வெயில் பட்டு மங்கு திரும்பியிருக்கலாம். அல்லது ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் போட்டதால் வரும் வேறொரு கருமையாக இருக்கலாம். 1975-ல் தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் கிரீம் போட்டுவந்த பெண்களிடம் முதலில் விவரிக்கப்பட்டது அது. கன்ன எலும்பின்மேல் மிளகுப்பொடி தூவியது போல நீலம் கலந்த கரும்புள்ளிகள். அதைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கிரீம் போட்டால் இன்னும் கறுக்கும். இரண்டில் எது என்பதைத் தோல் மருத்துவர் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடுவார்.

எப்படி நிறுத்துவது? ஒரே நாளில் நிறுத்திவிடு என்கிற மருத்துவர்களும் உண்டு, படிப்படியாக இறக்கு என்பவர்களும் உண்டு. நான்கு வருடம் என்றால் நான் இரண்டாவது கட்சி. மூன்று மருந்து கலந்த அந்த டியூபை நிறுத்திவிட்டு, ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மாதிரி மிக மென்மையான ஸ்டீராய்டுக்கு இறக்கி, தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் இருமுறை என்று குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவேன். கூடவே டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பு. பரு அதிகமென்றால் சில வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் நான் எழுதிவிட்டேன் என்று நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். சீட்டில்லாமல் வாங்கியதில்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, செலவில்லை. காலையில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காது. வீட்டில் நாலு பேர் "என்ன மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்பார்கள். பாதிப் பேர் பழைய டியூபுக்குத் திரும்புவது இந்தக் கேள்வியால்தான், எரிச்சலால் இல்லை. அதனால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கொஞ்ச நாள் முகம் மோசமாகி, அப்புறம்தான் சரியாகும். எரியும்போது சுத்தமான வெள்ளைத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் போட்டு எடுங்கள், ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ச்சரைசர் பூசுங்கள். ஆவி பிடிப்பது, ஃபேஷியல், ஸ்கிரப் எதுவும் வேண்டாம். கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு என்று பாட்டி வைத்தியத்துக்கும் இப்போது விடுமுறை. நல்ல தோலுக்கே எலுமிச்சை பட்டு வெயிலில் போனால் கொப்புளிக்கும், உங்களுடையது இப்போது உரித்த வெங்காயம் மாதிரி. சிவப்பு முழுக்க அடங்கச் சில மாதம் ஆகும். பூனைமுடி மெதுவாகக் குறையும், மெலிந்த தோலும் பெரும்பாலும் தேறிவிடும். தெரிய ஆரம்பித்துவிட்ட நரம்புகள் மட்டும் தானாக மறையாமல் போகலாம். வேண்டுமென்றால் அதற்கு லேசர் இருக்கிறது.

மங்கு? அதை இப்போதைக்குத் தொட வேண்டாம். தோல் ஆறிய பிறகு பார்ப்போம். மங்கு போவதும் வருவதுமாக இருக்கும் குணம் உடையது. வெயில், ஹார்மோன், பரம்பரை மூன்றும் அதில் இருக்கின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முழுக்கத் துடைத்து எடுத்துவிடுகிறேன் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டில் வைக்க முடியும், வெயிலை மறைத்தால்.

அதனால்தான் சன்ஸ்கிரீனை மட்டும் நிறுத்தாதீர்கள். அது முதல் ஜாதி, தோலின்மேல் நின்று வேலை செய்வது. ரத்தத்தில் கலக்கிறது என்று செய்தி படித்திருப்பீர்கள். 2019-லும் 2020-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சோதித்து, அதில் வெயிலைத் தடுக்கும் சில ரசாயனங்கள் ரத்தத்தில் தெரிகின்றன என்று சொன்னது உண்மை. தெரிவது வேறு, கெடுப்பது வேறு. மேற்கொண்டு ஆய்வு வேண்டும், அதுவரை போடுவதை நிறுத்தாதீர்கள் என்றும் அதே துறைதான் சொன்னது. மனம் ஒப்பவில்லை என்றால் ஜிங்க் ஆக்சைடு உள்ளதை வாங்குங்கள். மங்குக்கு இன்னும் நல்லது, தோல் நிறத்தில் வரும் டின்ட் சன்ஸ்கிரீன். அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 போதும். ஆனால் அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்ட மாதிரி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். பொட்டளவு தொட்டு இழுத்தால் அட்டையில் எழுதியிருக்கிற எண்ணுக்கு அர்த்தமில்லை. குடைக்கும் எஸ்.பி.எஃப். உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காலாவதித் தேதிகூடக் கிடையாது.

மாய்ச்சரைசருக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. பெட்ரோலியம் ஜெல்லியை மனிதர்கள் நூற்றைம்பது வருடமாகப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். கிளிசரின், தேங்காயெண்ணெய் எல்லாம் அப்படியே. பரு வரும் முகத்தில் தேங்காயெண்ணெய் வேண்டாம், கைகாலுக்குத் தாராளமாகப் போடலாம். எது போட்டாலும் வாசனைப் பொருளோ பதப்படுத்தியோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிக்கலாம், அரித்தால் மாற்றுங்கள். சொல்லப்போனால் கிரீமைவிட ஸ்டிக்கர் பொட்டு எனக்கு அதிக நோயாளிகளைக் கொடுத்திருக்கிறது. அதன் பசையிலுள்ள ஒரு ரசாயனத்தால் நெற்றியில் வட்டமாகத் தோல் வெளுத்துவிடும். யாரும் அதை நீண்டகாலப் பயன்பாடு என்று நினைப்பதே இல்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர். அந்த டியூபில் குளோபீட்டசாலோடு படைக்கான டெர்பினாஃபினும், பாக்டீரியா மாதிரிக் கிருமிகளுக்கான ஓஃப்ளாக்சசின், ஓர்னிடசோல் என்ற இரண்டும் இருக்கின்றன. படை என்பது காளான். ஸ்டீராய்டு, காளானை எதிர்க்கும் நம் உடம்பின் கையைக் கட்டிப்போடும். அரிப்பு ஒரே நாளில் நின்றுவிடும், சிவப்பும் மங்கும், உள்ளே காளான் சாவகாசமாகப் பரவும். வட்டமும் விளிம்பும் இல்லாமல் உருமாறிப் போவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 1968-லேயே இதற்கு 'மாறுவேடப் படை' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பத்துப் பதினைந்து வருடமாக இந்தியா முழுக்கப் படை அடங்காமல் பரவுவதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்பது எங்கள் துறையில் பொதுவான கருத்து. இங்கே பரவும் அந்தக் காளானுக்கு 2020-ல் இந்தியாவின் பெயரையே சேர்த்து 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெருமைப்படும்படியான விஷயம் இல்லை. டெர்பினாஃபினுக்கு அது பல இடங்களில் மசிவதில்லை.

தொடையிடுக்கு ஏன் ஆபத்தான இடம் என்றால், தோல் எல்லா இடத்திலும் ஒரே கனம் கிடையாது. 1967-ல் ஒரு சோதனை செய்தார்கள். முன்கையில் பூசிய ஸ்டீராய்டு ஒரு பங்கு உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், நெற்றியில் 6 பங்கு, தாடையில் 13 பங்கு, விதைப்பையில் 42 பங்கு. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். கால் ஆணிக்குப் பக்கத்தில் தாங்கிய களிம்பை இடுக்கில் போட்டால் தாங்காது. ஒரு வருடம் என்றால், கர்ப்பிணிகள் வயிற்றில் வருவது போன்ற வரித்தழும்புகள் அவருக்குத் தொடையில் வந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கூச்சப்பட்டுச் சொல்லியிருக்க மாட்டார். அவை போகாது, இனிமேல் புதிதாக வராமல் பார்க்கலாம்.

அவர் அந்த டியூபை நிறுத்தினால் முதல் வாரம் அரிப்பு பயங்கரமாகத் திரும்பும். நோய் கூடிவிட்டது என்று நினைத்து மறுபடி அதையே தேடக்கூடாது. ஸ்டீராய்டு கலக்காத காளான் மருந்தும், தேவைப்பட்டால் மாத்திரையும் மருத்துவர் சொல்கிற நாள் வரை போட வேண்டும். பெரும்பாலும் நாலு வாரத்துக்குக் குறையாது, அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும். வீட்டில் இன்னும் யாருக்கு இருக்கிறதோ எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். ஈர ஜட்டியைப் போடாமல், துண்டையும் கைலியையும் மாற்றிக் கட்டாமல் இருப்பது பாதி வைத்தியம். உங்களுக்கும் எங்காவது அரிப்பு இருந்தால் சொல்லத் தயங்காதீர்கள்.

கடையில் வாங்கும்போது ஒரு விஷயம் பார்க்கலாம், ஆனால் கவனமாக. பின்பக்கத்தில் '-சோன்' என்று முடியும் பெயர் இருந்தால் அநேகமாக ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன். '-னைடு' என்று முடிந்தாலும் அப்படியே: டெசோனைடு, அசிட்டோனைடு. சிக்கல் '-சால்', '-சோல்' இரண்டில்தான். குளோபீட்டசால் ஸ்டீராய்டு, குளோட்ரிமசோல் காளானைக் கொல்வது. காதில் அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கும், செய்வது நேர்மாறான வேலை. கடையில் வாயால் சொல்லிக் கேட்டால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கைக்கு வருவது சாதாரணம். எழுதிக் கொண்டுபோங்கள்.

பொருட்கள் எதுவுமே எழுதாத டப்பா கிரீம்கள் இன்னும் மோசம். பார்லரில் கலந்து கொடுப்பது, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது, மூலிகை என்று மட்டும் போட்டு வேறு விவரம் இல்லாதது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டவர்கள். சிறுநீர் நுரைக்கிறது, காலையில் முகமும் சாயந்திரம் காலும் வீங்குகிறது என்றால் அப்படிப்பட்ட கிரீமை நிறுத்திவிட்டு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். உங்கள் டியூபில் பாதரசம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா இப்போது என்ன போடுகிறார் என்று தெரியவில்லையே, அதற்காகச் சொன்னேன்.

இவ்வளவும் எழுதியதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டதற்கு முன், எக்ஸிமா என்ற அரிப்பு நோய் வந்த குழந்தைகள் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தார்கள். இன்றைக்கும் அதற்கு முதல் மருந்து அதுதான். எக்ஸிமா அடிக்கடி திரும்பும் இடத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் மாதக்கணக்கில் போடச் சொல்வதும் உண்டு, அது கணக்கோடு செய்வது. போன மாதம்கூட ஒரு தாய் வீடியோ பார்த்துப் பயந்து, நான் கொடுத்த மென்மையான களிம்பைப் போடாமல் வைத்திருந்தார். பிள்ளையின் முழங்கால் மடிப்பு புண்ணாகிச் சீழ் வைத்து வந்தது. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எவ்வளவு வீரியம், எத்தனை நாள்: இந்த நான்கும் தெரிந்த ஸ்டீராய்டு நல்ல மருந்து. உங்கள் விஷயத்தில் நான்குமே யாரும் சொல்லவில்லை.

மருத்துவரிடம் போகும்போது முகத்தில் பவுடர், மேக்கப் எதுவும் இல்லாமல் போங்கள். இப்போதே வெறுத்துப்போய் அந்த இரண்டு டியூபையும் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கம் கிழியாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய போட்டோ ஒன்று போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள். கன்னத்தில் முதலில் எவ்வளவு மங்கு இருந்தது என்பதை அதில் பார்த்துத்தான் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.